நடக்கிற சனத்துக்கு வீதியில் இடம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை நடந்து போகிறவர்களைப் பற்றி மட்டும் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, மணல் ஏற்றும் டிப்பர் லொறிச் சாரதிகளைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. அவற்றை அப்படியே அச்சில் போட ஏலாது, ஆனால் கோபம் நியாயமானது. மிச்சத்தில் கனபேருக்குப் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் நடப்பதை ஊக்குவிக்க ஒரு நடைபவனி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ரீசேர்ட் அடிக்கிறோம், பதாகை கட்டுகிறோம், பாண்ட் வாத்தியமும் இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, இதனால் ஏதாவது நடக்குமா?
– ஓர் ஆசிரியை, பரந்தன்

நடைபவனி நடக்கும். அத்தோடு நிறுத்தினால் வேறொன்றும் நடக்காது.

யோசித்துப் பாருங்கள் ரீச்சர், இலங்கையின் வடக்கில் இந்த வன்னியில் யாருக்கு நடப்பதன் அருமையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்? பஸ் இல்லாத காலத்திலும், எரிபொருள் இல்லாத காலத்திலும், மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்திலும் நடந்தே வந்த சனம் இது. இன்றைக்கும் சைக்கிள்கூட இல்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்து உங்கள் வகுப்புக்கு வந்து இருக்கிறார்கள். அவர்கள் கையில் "நடப்பது நல்லது" என்று ஒரு பதாகையைக் கொடுத்து அதே வீதியில் நடக்கவிடுவது கொஞ்சம் அநியாயம். பதாகை பார்க்க வேண்டியது வீதியைப் போட்டவர்களும் வீதியில் ஓடுகிறவர்களும்.

ஆனால் நடைபவனியை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். அதே நாள், அதே பிள்ளைகள், அதே ரீசேர்ட், வேலையை மட்டும் மாற்றுங்கள். பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைச் சேர்த்து, பாடசாலை வாசலில் இருந்து இரு பக்கமும் 200 மீற்றர் 200 மீற்றராகப் பங்கு போட்டுக் கொடுங்கள். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு அளவு நாடா போதும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் எத்தனை அங்குலம் பள்ளம்? ஓரத்தில் நடக்க எவ்வளவு அகலம் இருக்கிறது, அதை என்ன அடைத்துக்கொண்டு நிற்கிறது, மின்கம்பமா, பற்றையா, கடைக்காரர் இறக்கிய மணலா? வடிகான் மூடி எங்கே உடைந்திருக்கிறது? கடவைக் கோடு தெரிகிறதா, தேய்ந்துபோனதா? வீதியைக் கடக்க ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது? காலை ஏழு மணிக்கும் ஒன்றரைக்கும் இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது நிழல் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் அது. வேம்போ மருதோ நிற்கிற பக்கமாகத்தான் பிள்ளைகள் போவார்கள், அந்தப் பக்கம் வீதி எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

பிறகு எல்லாக் கொப்பியையும் மேசையில் போட்டு, ஒரேயொரு இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். மிக மோசமான இடம் ஒன்று. அதற்கு ஒரேயொரு கோரிக்கை. "பாதுகாப்பான வீதி வேண்டும்" என்று கேட்டால் எந்த அதிகாரியும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார், ஆட்டியதற்கு ஒரு செலவும் இல்லை. "இந்த மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த 40 மீற்றருக்கு வடிகான் மூடி வேண்டும்" என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு வெளிநாட்டுக் கதையும் சொல்கிறேன். இன்றைக்கு சைக்கிளுக்கும் நடைக்கும் பெயர்போன நெதர்லாந்து, 1970களின் தொடக்கத்தில் கார்களால் நிறைந்து கிடந்தது. 1971இல் மட்டும் வீதி விபத்தில் இறந்தவர்கள் 3,000க்கு மேல், அதில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றே பெயர் வைத்துக்கொண்டு பெற்றோர் இறங்கினார்கள். விபத்து நடந்த இடத்திலேயே போய் மறியல் செய்தார்கள். தெருக்களை மறித்துப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். அதே காலத்தில் எண்ணெய் நெருக்கடியும் வந்து அரசுக்கு இன்னொரு காரணத்தைக் கொடுத்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் சனம் ஒரு நாள் கூடிக் கலைந்திருந்தால் எண்ணெய் நெருக்கடி மட்டும் தெருவை மாற்றியிருக்காது. நாங்கள் மறியல் செய்யத் தேவையில்லை. கொப்பியோடு திரும்பத் திரும்பப் போனால் போதும்.

என் இரண்டு பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து நடத்திப் பாடசாலைக்கு அனுப்ப ஆசை. பிள்ளைகளின் தாத்தா, என் மாமா, விடமாட்டேன் என்கிறார், "உந்த றோட்டில் பிள்ளையை விடுறதோ" என்று ஏசுகிறார். யார் சரி?
– ஒரு தாய், விசுவமடு

மாமா சொல்வதில் பிழை இல்லை, நீங்கள் சொல்வதிலும் இல்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் போகிற வாகனங்களின் வேகத்தைப் பார்த்த எந்தத் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏற்றிக்கொண்டு வந்தால், பாடசாலை வாசலில் அத்தனை மோட்டார் சைக்கிளும் முட்டிமோதி, அங்கேதான் பெரிய ஆபத்து வருகிறது. எந்தப் பாடசாலை வாசலையும் காலை ஏழேகாலுக்குப் பார்த்தால் இது விளங்கும்.

நீங்கள் நினைப்பதற்கு உலகத்தில் "நடக்கும் பாடசாலை பஸ்" என்று ஒரு பெயர் இருக்கிறது. 1990களில் அவுஸ்திரேலியாவில் இருந்து பரவிய யோசனை. யப்பானில் அதற்கு முன்பிருந்தே அயல் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் போக, சின்னவர்கள் நடுவில் போக, பாடசாலைக்கு நடக்கிற வழக்கம் இருக்கிறது. பஸ் மாதிரியே இதற்கும் பாதை உண்டு, தரிப்பிடம் உண்டு, நேரம் உண்டு. முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். குறித்த நேரத்துக்குப் படலையில் நிற்காத பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை, அது முக்கியம், இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையே குழம்பிவிடும்.

உங்கள் பக்கத்துக்குத் தேவையான சில விஷயங்கள். பிரதான வீதியில் ஓரம் இல்லாத இடத்தில் வலது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிற டிப்பரைவிட முகத்துக்கு நேரே வருகிறதைத்தான் ஒதுங்கித் தப்பலாம். முடிந்தவரை உள் ஒழுங்கைகளாலும் கிரவல் வீதியாலும் பாதையைப் போடுங்கள், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. பிரதான வீதியை ஒரே இடத்தில், எல்லோரும் சேர்ந்து, ஒரே தடவையில் கடக்க வேண்டும். மாரியில் ஒழுங்கை சேறாகிவிடும், அப்போதைக்கு வேறு பாதை ஒன்றை இப்போதே யோசித்து வையுங்கள். பெரியவர்கள் முறை வைத்து வந்தால் ஒருவருக்குக் கிழமையில் ஒரு நாள்தான் வரும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்தால் ஆள் கிடைக்கும்.

மாமாவையே முதல் நாள் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். ஏசுகிறவர்தான் நல்ல காவல்.

நடைபாதை போடப் போகிறோம் என்று கதை அடிபடுகிறது. கடை வாசலில் வாகனம் நிற்க முடியாவிட்டால் எங்கள் வியாபாரம் என்ன ஆவது?
– கடை வைத்திருப்பவர், கிளிநொச்சி

முறிகண்டிக்குப் போய்ப் பாருங்கள் அண்ணை. கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் எத்தனையோ இடத்தில் கச்சான் கடலை விற்றுப் பார்த்திருப்பார்கள். முறிகண்டியில்தான் விற்கிறது, ஏனென்றால் அங்கே எல்லோரும் இறங்குகிறார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நாலு எட்டு நடக்கிறார்கள், நடக்கும்போதுதான் கச்சான் கண்ணில் படுகிறது. எழுபது கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் உங்கள் கடைப் பெயரைக்கூட வாசிக்கமாட்டான்.

சென்னையில் பாண்டி பசார் என்கிற தியாகராய சாலையில் நடைபாதையை நன்றாக அகலமாக்கி 2019இல் திறந்தார்கள். தொடங்கும்போது அங்கேயும் கடைக்காரருக்கு இதே பயம்தான் இருந்தது. இன்று அங்கே பின்னேரத்தில் சனம் உலாவுகிறது, இருக்கையில் இருந்து கதைக்கிறது, சாமானும் வாங்குகிறது. ஆனால் சென்னை வேறு, கிளிநொச்சி வேறு. உங்கள் வாடிக்கையாளர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தூரத்தில் இருந்து வருகிறவர். அதனால் நடைபாதையோடு சேர்த்து, அம்பது மீற்றருக்குள் மோட்டார் சைக்கிள் விட ஒரு இடம் கேளுங்கள். நியாயமான கோரிக்கை அது. "நடைபாதையே வேண்டாம்" என்று போய் நின்றால் உங்கள் கடைக்கு நடந்து வருகிற அம்மாவை நீங்களே வீதிக்கு இறக்கிவிட்ட மாதிரி.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். வாசலில் அடுக்கிவைத்திருக்கிற பிளாஸ்ரிக் கதிரை, வாளி, தும்புத்தடி எல்லாவற்றையும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலோடு நடக்கிறேன். நடைபவனி, நடைபாதை என்று கதைக்கிற எவரும் எங்களைப் போன்றவர்களிடம் வந்து கேட்டதில்லை. எங்களுக்கு எப்படியான வீதி வேண்டும் என்று எழுதுவீர்களா?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

நீங்கள் எழுதினால் இன்னும் சரியாக இருக்கும், அதனால் உங்கள் கடிதத்தில் இருந்தே எடுக்கிறேன். கார்பெட் வீதியின் விளிம்பில் நாலு விரல் உயரம் இறக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காலும் உள்ளவனுக்கு அது தெரியவே தெரியாது. உங்களுக்கோ வாகனம் வரும்போது சட்டென்று ஓரத்துக்கு இறங்க அந்த நாலு விரல்தான் தடை, கணுக்கால் மடங்காத செயற்கைப் பாதம் அந்த விளிம்பில் சரிகிறது. ஓரத்தில் சிதறிய கிரவல் உருளுகிறது. வடிகான் மூடிகளுக்கு இடையில் ஊன்றுகோலின் நுனி போய் மாட்டுகிறது. மழை பெய்தால் தண்ணீருக்குக் கீழே பள்ளம் எங்கே என்று தெரியாது. எந்தப் பொறியியலாளரும் இதைவிடத் தெளிவாக ஒரு வீதியைப் பார்த்திருக்கமாட்டார்.

வன்னியில் இது ஒரு சிலரின் பிரச்சினை இல்லை. எந்த ஊரிலும், எந்தக் கோயில் திருவிழாவிலும், எந்த வங்கி வரிசையிலும் காலையோ கையையோ இழந்த ஒருவரைக் காணாமல் வர முடியாது. இன்னொன்றும் உண்டு, யாரும் அதிகம் கதைக்காதது. போருக்குப் பிறகு மீள்குடியேறியபோது எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்தார்கள்: ஓரமாகப் போகாதே, மிதிவெடி இருக்கும், ஆள் நடந்த தடத்திலேயே போ. சிவப்புப் பலகையில் மண்டையோடு. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்த ஆட்கள். அவர்களுக்கு வீதியோரப் பற்றையில் கால் வைக்க உடம்பு இன்றைக்கும் விடாது. பிறகு வீதியை அகலமாக்கி, கார்பெட் போட்டு, வேகமான வாகனங்களை விட்டு, "ஏன் ஓரமாகப் போகவில்லை" என்று நடக்கிறவனைப் பார்த்துக் கேட்கிறார்கள்! ஓரத்தைச் செய்து தந்துவிட்டல்லவா அதைக் கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தார் விளிம்போடு சமமாக, இறுக்கி அமுக்கிய ஓரம், ஒன்றரை மீற்றராவது அகலம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் சக்கர நாற்காலி வந்தாலும் போகத்தக்கதாக. நடைபாதை உயரமாக இருந்தால் இறங்கும் இடத்தில் சாய்வு. அந்தச் சாய்வு 1க்கு 12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். சும்மா ஒரு சீமெந்துக் கட்டியைச் சரித்துவைத்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்று படம் எடுக்க விடாதீர்கள். அகலமான வீதியைக் கடக்கும் இடத்தில் நடுவில் நிற்க ஒரு திட்டு. ஒரு கணக்குப் பாருங்கள். வீதி 12 மீற்றர் அகலம் என்று வைப்போம். மெதுவாக நடக்கிறவர் செக்கனுக்கு 0.8 மீற்றர் போவார், கடந்து முடிக்க 15 செக்கன். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 15 செக்கனில் ஏறக்குறைய 290 மீற்றர் ஓடிவிடும். நீங்கள் கால் வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத வாகனம், நீங்கள் நடுவீதியில் நிற்கும்போது முன்னால் நிற்கும். நடுத்திட்டு இருந்தால் ஒரு தடவையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் உரிமைகளுக்கானது. பொது இடங்களுக்குப் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கடிதம் எழுதும்போது இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள், வாசிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து இருந்து வாசிப்பார்.

பரந்தன் ரீச்சர் இதை வாசித்தால், உங்கள் கொப்பி வேலைக்கு உங்கள் பக்கத்தில் இருக்கிற இப்படி ஒருவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள்.

30 கிலோமீற்றர் வேகம் என்று எல்லாரும் கத்துகிறார்கள். அது மாட்டு வண்டி வேகம். 50இல் போனால் என்ன, பிரேக் இருக்கிறதுதானே?
– ஓர் இளைஞர், கனகராயன்குளம்

தம்பி, பிரேக் இருக்கிறது. பிரேக்கில் கால் போக ஒரு செக்கன் எடுக்கும், அதைத்தான் மறந்துவிட்டீர்.

30இல் வந்தால் அந்த ஒரு செக்கனில் 8 மீற்றர் போவீர், பிறகு நல்ல காய்ந்த வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீற்றர். மொத்தம் 13. 50இல் வந்தால் அந்த ஒரு செக்கனிலேயே 14 மீற்றர். அதாவது 13 மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை பந்துக்குப் பின்னால் ஓடிவந்தால், 30இல் வந்தவன் நின்றுவிட்டான், 50இல் வந்தவன் இன்னும் பிரேக்கில் கால் வைக்கவேயில்லை. முழு வேகத்தோடு போய் அடிக்கிறான். நிற்க அவனுக்கு மொத்தம் 28 மீற்றர் தேவை. 70 என்றால் 46 மீற்றருக்கு மேல். வீதியில் மணல் சிந்தியிருந்தால், மழை பெய்திருந்தால், ரயர் தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் கூடும்.

அடிபடுகிற ஆளுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளும். வேகம் 50இல் இருந்து 65 ஆனால், முன்பக்கம் மோதி நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய நாடுகள், சனமும் வாகனமும் கலக்கிற இடங்களில் 30 போதும் என்று பிரகடனம் செய்தன. ஊருக்கு வெளியே காட்டுப் பாதையில் 30இல் போ என்று யாரும் சொல்லவில்லை. பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி இருக்கிற அரைக் கிலோமீற்றரில் சொல்கிறார்கள். அந்த அரைக் கிலோமீற்றரை 50இல் கடக்க 36 செக்கன், 30இல் கடக்க 60 செக்கன். மிச்சம் பிடிக்கிறது 24 செக்கன். அந்த நேரத்தில் தொலைபேசியில் ஒரு படம்கூடப் பார்த்து முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகர வீதியை மூடி நடக்கவும் சைக்கிள் ஓடவும் விடுகிறார்களாமே சில நாடுகளில். வவுனியாவிலும் செய்தால் என்ன?
– ஒரு மாணவன், வவுனியா

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கியது, இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியில் வாகனம் ஓடாது. ஆனால் ஏ9ஐ மூட முடியாது, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் அம்புலன்சும் அதால்தான் போக வேண்டும். உள்வீதி ஒன்றை, ஒரு விடியற்காலையில், இரண்டு மணித்தியாலத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

வீதியை நடக்கிறவர்களுக்கு விட்டுக்கொடுக்க எங்களுக்கு யாரும் பொகோட்டாவில் இருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை, அதுதான் எனக்கு வியப்பு. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் நடந்து போகும்போது, ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகும்போது, செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை முல்லைத்தீவுப் பக்கமாக இறங்கும்போது பாருங்கள். தண்ணீர்ப் பந்தல் முளைக்கிறது, மோர் கொடுக்கிறார்கள், பொலிஸார் நின்று வாகனத்தை மறிக்கிறார்கள், வழமையில் ஹோனில் இருந்து கையே எடுக்காத பஸ் சாரதிகூட மெதுவாகப் போகிறார். சாமியைப் பார்க்க நடக்கிறவருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை சங்கக்கடைக்கு நடக்கிறவருக்கு ஏன் கிடைக்காது?

வீதியில் நெல் காயவிடுகிறோம் என்று எங்களைக் குற்றம் சொல்கிறார்கள். வேறு எங்கே காயவிட?
– ஒரு விவசாயி, கண்டாவளை

நியாயமான கேள்வி. ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால்தான் அரசின் முழு உத்தரவாத விலை கிடைக்கும், அருவி வெட்டு முடிந்த கையோடு எல்லாருக்கும் ஒரே கிழமையில் நெல் காயவிடும் தளம் தேவைப்படுகிறது, தளமோ கிராமத்துக்கு ஒன்றுகூட இல்லை. வெட்டு இயந்திரம் ஒரே நாளில் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, சூடு வைத்து அடித்த காலம் மாதிரி ஆறுதலாகச் செய்ய ஏலாது. அதனால் சூடான தாரைத் தேடி வருகிறீர்கள். ஆனால் வீதியின் பாதியில் படங்கை விரித்து, அதைச் சுற்றிக் கல்லும் தடியும் வைத்தால், ஓரத்தால் நடந்துபோகிற பிள்ளை நடுவீதிக்குத்தான் போகும். நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவீர்கள், கல் அங்கேயே கிடக்கும், இரவு மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அதில் ஏறி விழுவான். இதுவரை செய்தாலும் இனிக் கல்லை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிரதான வீதியை விட்டு உள்வீதிக்கு வாருங்கள். பாடசாலைக்கு இரு பக்கமும் விரிக்கவே வேண்டாம். கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் பொதுத் தளம் ஒன்றுக்குத் தீர்மானம் எடுங்கள். நடைபாதை கேட்கிற ஆட்களும் தளம் கேட்கிற ஆட்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடலாம், இரண்டு பேருக்கும் ஒரே விளிம்புதான் பிரச்சினை.

சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது?
– 67 வயது, மல்லாவி

குளக்கட்டில் நடவுங்கள் ஐயா, விடிந்து வெளிச்சம் வந்தபிறகு. கிழமைக்கு 150 நிமிடம் என்பது பொதுக் கணக்கு, ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை, காலையில் கொஞ்சம் பின்னேரம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, முள் குத்தினாலும் தெரியாது. நாய்க்கு ஒரு தடி. யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் குளக்கட்டை மறந்துவிட்டு, பாடசாலை மைதானத்தைக் காலையில் திறந்துவிடச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்காக எங்கள் ஊர்ப் பெடியள் சேர்ந்து வீதிக்குக் குறுக்கே சீமெந்தில் ஒரு வேகத்தடை கட்டினோம். பொலிஸார் உடைக்கச் சொல்கிறார்கள்.
– விளையாட்டுக் கழக உறுப்பினர், ஒட்டுசுட்டான்

உடையுங்கள். நோக்கம் நல்லது, ஆனால் அரை முழ அகலத்தில் செங்குத்தாகக் கட்டிய அந்தத் திட்டு, இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிற உங்கள் மச்சானைத்தான் முதலில் விழுத்தும், கர்ப்பிணித் தாயை ஏற்றிய ஓட்டோவைக் குலுக்கும். பிரித்தானியாவில் ஆராய்ந்து வகுத்த வேகத்தடையின் அளவு 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 3.7 மீற்றர் நீளம். மெதுவாக வந்தால் தெரியவே தெரியாது, வேகமாக வந்தால்தான் தூக்கி அடிக்கும். அதற்கு முன்னால் அறிவிப்புப் பலகையும் வெள்ளைப் பூச்சும் வேண்டும். வீதிக்குச் சொந்தமான அலுவலகம்தான் அதைப் போடலாம். உங்கள் உற்சாகத்தை அந்த அலுவலக வாசலில் காட்டுங்கள்.

அந்த அலுவலகம் எது என்பதுதானே பிரச்சினை! பிரதேச சபைக்குப் போனால் "இது எங்கள் வீதி இல்லை" என்கிறார்கள், மற்ற இடத்துக்குப் போனால் "சபையைக் கேளுங்கள்" என்கிறார்கள்.
– சனசமூக நிலையச் செயலாளர், பூநகரி

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏ, பி என்று தொடங்கும் வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ9, பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 எல்லாம் அதில் அடங்கும். சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதி, ஒழுங்கை எல்லாம் பிரதேச சபைக்கு. ஏ, பி வீதி என்றால் கிலோமீற்றர் கல்லிலேயே இலக்கம் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள்.

கடிதத்தில் "பாடசாலைக்கு அருகில்" என்று எழுதாமல், எத்தனையாம் கல்லில் இருந்து எந்தப் பக்கம் எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பிரதியை மாவட்டச் செயலகத்துக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் போடுங்கள், கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் ஓமா இல்லையா என்று பதில் தரவேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அது சண்டை. "இந்த இடத்துக்கு இந்த ஆண்டு நிதி ஒதுக்கப்பட்டதா, எவ்வளவு, வேலை எப்போது தொடங்கும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. சபை உறுப்பினர்கள் 2025 தேர்தலில் வீடு வீடாக வந்தார்கள்தானே, அவர்கள் வந்த அதே ஒழுங்கையால் அவர்களையும் ஒருநாள் நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள், இரவு ஏழு மணிக்கு, ரோர்ச் இல்லாமல்.

எல்லாம் சரி, இந்தக் கட்டாக்காலி மாடுகளுக்கு எந்த நடைபாதை?
– பெயர் வேண்டாம், ஓமந்தை

அவைக்கு ஏ9தான் நடைபாதை, படுக்கை எல்லாம்! இரவில் தாரில் சூடு இருக்கும், பூச்சி குறைவு, வந்து படுக்கின்றன. சபை பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுகிறது, அடுத்த கிழமை அதே மாடு அதே இடத்தில். மாட்டுக்காரர் இரவில் கட்டிவைக்க வேண்டும், வேறு வழி இல்லை. கட்டமாட்டேன் என்கிறவர் குறைந்தது கழுத்தில் ஒளி தெறிக்கிற பட்டி ஒன்றாவது போடட்டும். அதே பட்டியில் இரண்டு முழம் வெட்டி, இரவில் நடக்கிற நீங்களும் பையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.